நேரிலாக் கட்டுப்பாடு: ஒரு சைன் வளைவிலிருந்து தொடங்குங்கள்

ஜெனரேட்டர்களை நிலைப்படுத்தும் நேரிலாக் கட்டுப்பாட்டைப் படிக்க வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது: கோட்பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு சைன் வளைவை வரையுங்கள். கிடை அச்சில் ரோட்டர் கோணம் (ரோட்டர் மின்கட்டமைப்பை விட எவ்வளவு முன்னே நிற்கிறது என்பது), செங்குத்து அச்சில் ஜெனரேட்டர் தரும் மின்திறன்.

உச்ச மின்திறன் 2 பெர் யூனிட் (ஒரு அடிப்படை அளவின் மடங்கு), டர்பைன் தருவது 1. ரோட்டர் கோணம் 30 டிகிரியில் நிற்கும். 150 டிகிரியிலும் இரண்டும் சமம்தான், ஆனால் அங்கே நிற்காது. முனையத்தில் ஷார்ட் சர்க்யூட் ஆகி மின்திறன் பூஜ்யமானால் கோணம் ஏறத் தொடங்கும். பழுது நீங்கியதும் பழைய வளைவே திரும்பும் என்று கொண்டு சம பரப்பு விதியில் (ரோட்டரை முடுக்கும் பரப்பை வேகம் குறைக்கும் பரப்பு ஈடுகட்ட வேண்டும் என்பது) போட்டுப் பாருங்கள், சுமார் 79.6 டிகிரிக்குள் பழுதை நீக்கியாக வேண்டும். வளைவின் சரிவு 30 டிகிரியில் 1.73, 90இல் பூஜ்யம், அப்புறம் எதிர்மறை. 30 டிகிரியை ஒட்டி நேர்கோடாக்கி வடிவமைத்த பி.எஸ்.எஸ் (அலைவைத் தணிக்கும் பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர்) பெரிய அதிர்வில் தடுமாறுவது இதனால்தான்.

ஆற்றல் போன்ற ஒரு சார்பு கூடுவதில்லை என்று காட்டி நிலைத்தன்மையை நிறுவுவது லியாபுனோவ் முறை. அதில் ஒரு இடத்தை எல்லோரும் வேகமாகக் கடக்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் நான் அங்கேதான் மாட்டினேன். ஆற்றல் சார்பின் வகைக்கெழு, தணிப்பையும் வேக விலகலின் (ரோட்டர் தன் இயல்பான வேகத்திலிருந்து விலகிய அளவின்) வர்க்கத்தையும் பெருக்கிய எதிர்மறை மதிப்பு. வேக விலகல் பூஜ்யமானால், கோணம் எதுவானாலும் அதுவும் பூஜ்யம். "அப்படியானால் சமநிலைக்கு ஏன் வந்து சேர வேண்டும்?" என்றார் தேர்வாளர். எனக்குப் பதில் வரவில்லை. லாசால் தேற்றம்தான் விடை: சமநிலை அல்லாத கோணத்தில் வேக விலகல் பூஜ்யமாகவே நீடிக்க முடியாது, ஏனென்றால் அங்கே திறன்கள் சமமில்லை.

அடுத்தது ஃபீட்பேக் லீனியரைசேஷன், அதாவது நேரிலாப் பகுதியைக் கட்டுப்பாட்டாலேயே நீக்கி அமைப்பை நேரியலாக்குவது. அதற்கு மூன்றாம் வரிசை மாதிரியை (கோணம், வேகம், உள் மின்னழுத்தம் என மூன்று மாறிகள் கொண்டது) எடுத்து, கோணத்தை மூன்று முறை வகையிடுங்கள். அப்போதுதான் நம் கையில் உள்ள உள்ளீடான ஃபீல்டு மின்னழுத்தம் (ரோட்டர் சுருளுக்குத் தருவது) தலைகாட்டும், சைன் கோணத்தோடு பெருகி. அதைக் கணக்கிட அந்த சைனால் வகுக்க வேண்டும், கோணம் பூஜ்யத்தை நெருங்கினால் வகுத்தல் வெடிக்கும். சிமுலேஷனில் என் கட்டுப்பாடு அழகாக அடங்கியது. ஃபீல்டு மின்னழுத்தத்தைத் தரும் எக்சைட்டருக்கு உச்ச வரம்பு போட்ட அன்றே கோணம் கைமீறிப் போனது. வரம்பை முதல் நாளே போடுங்கள்.

ஸ்லைடிங் மோடு, பேக்ஸ்டெப்பிங் போன்ற மற்ற நேரிலா முறைகள் எல்லாம் அதன் பிறகு எளிதாகவே வரும். இன்னொன்று, ரோட்டர் கோணத்தை நேரடியாக அளப்பது கடினம். சமன்பாடுகளைக் கோணத்துக்குப் பதில் மின்திறனை வைத்து எழுதிப் பழகுங்கள். முனையத்தில் அளக்கக் கிடைப்பது அதுதான்.