போஸ்ட்டாக் தேடுறவங்க விளம்பரத்துக்காக காத்திருக்காதீங்க

பிஎச்டி முடிக்கப்போறவங்க என்கிட்ட கேக்குற முதல் கேள்வி, போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் ஒரு லேப்ல கொஞ்ச வருஷம் பாக்குற ரிசர்ச் வேலை, அதுக்கு விளம்பரம் எங்க வரும்ங்கறதுதான். யூரக்ஸெஸ், நேச்சர் கேரியர்ஸ் மாதிரி ரிசர்ச் வேலை போடுற வெப்சைட்ல வரும், யுனிவர்சிட்டியோட வேலைவாய்ப்பு பக்கத்துலயும் வரும். ஆனா பேட்டரி லேப்ல வேலை பாத்துக்கிட்டு, வர்ற அப்ளிகேஷனை எல்லாம் ப்ரொஃபசரோட சேர்ந்து படிச்சுப் பாத்ததுல ஒண்ணு நல்லா தெரிஞ்சது, பல நேரம் விளம்பரம் வர்றப்பவே அவர் மனசுல ரெண்டு மூணு பேர் இருக்காங்க. கான்ஃபரன்ஸ்ல போஸ்டர் முன்னாடி நின்னு பேசினவங்க, மெயில்ல உருப்படியா ஒரு கேள்வி கேட்டவங்க, இப்படி.

வேலை கேட்டு ப்ரொஃபசருக்கு வர்ற பெரும்பாலான மெயில் ஒரே மாதிரிதான் இருக்கும், "உங்கள் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உண்டு"ன்னு ஆரம்பிச்சு கீழ பேப்பர் லிஸ்ட். அதை அவர் ரெண்டாவது வரி தாண்டி படிக்கிறதே இல்ல. ஒரு தடவை ஒரு பொண்ணு எழுதியிருந்தாங்க, உங்க பேப்பர்ல சார்ஜ் ஏத்தி இறக்குற சைக்கிள் கூடக்கூட பேட்டரியோட கெப்பாசிட்டி ஒரு இடத்துல சட்டுனு விழுது, அது எலக்ட்ரோலைட் தீர்ந்துபோனதாலயா இல்ல ஆனோடு மேல லித்தியம் படிஞ்சதாலயா, மூணு எலக்ட்ரோடு செல் வச்சு இம்பீடன்ஸ் (உள்ள இருக்குற மின் எதிர்ப்பு) அளந்தா பிரிச்சுப் பாக்கலாம், என் தீஸிஸ்ல அதைத்தான் பண்றேன்னு. அவ்வளவுதான் மெயில். ப்ரொஃபசர் என்னைக் கூப்பிட்டு அந்த கிராஃபை மறுபடியும் எடுக்கச் சொன்னாரு, அன்னிக்கே அவங்களுக்கு பதிலும் போயிடுச்சு.

பணம் ரெண்டு வழியா வரும். ஒண்ணு ப்ரொஃபசரோட கிராண்ட் (அவர் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கின நிதி), அதுல என்ன வேலைங்கறது முன்னாடியே முடிவாகியிருக்கும். இன்னொண்ணு நம்ம பேர்லயே ஜெயிக்கிற ஃபெல்லோஷிப், ஐடியா நம்மளோடது, ஆனா அதுக்கும் கூட நிக்க ஒரு ஹோஸ்ட், அதாவது தன் லேப்ல நம்மளை சேத்துக்கிற ஒருத்தர் வேணும். ஜப்பானோட ரிசர்ச் நிதி அமைப்பான ஜேஎஸ்பிஎஸ் கொடுக்குற ஸ்டாண்டர்ட் ஃபெல்லோஷிப்புக்கு அப்ளிகேஷன் போடுறதே அங்க இருக்குற ஹோஸ்ட்தான். ஐரோப்பிய யூனியனோட மேரி கியூரி ஃபெல்லோஷிப்னா ஹோஸ்ட் லேப்ல இருக்குற சூப்பர்வைசரோட உக்காந்து எழுதணும், பிஎச்டிக்கு அப்புறம் 8 வருஷத்துக்கு மேல ரிசர்ச் அனுபவம் இருக்கக்கூடாது, போகப்போற நாட்டுல டெட்லைனுக்கு முந்தின 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கவும் கூடாது. இந்த 12 மாச ரூல்ல நல்ல நல்ல ஆளுங்க அடிபட்டுப் போறதைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். டெட்லைன் வழக்கமா செப்டம்பர்ல, ரிசல்ட் அடுத்த வருஷம்தான், அதனால தீஸிஸ் கொடுக்குறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஹோஸ்ட்கிட்ட பேச ஆரம்பிச்சிடணும்.

ரெஃபரன்ஸ் லெட்டர் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, கைடுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்க.

ஆஃபர் வந்த சந்தோஷத்துல யாரும் கேக்காத விஷயம் ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு முக்கியமா படுது. ஃபெல்லோஷிப் பணம் சம்பளமா வருதா இல்ல ஸ்டைபெண்டா (உதவித்தொகையா) வருதான்னு கேளுங்க, சில இடத்துல ஸ்டைபெண்டுன்னா பென்ஷன், இன்சூரன்ஸ் எதுவும் சேராது. கான்ட்ராக்ட் ஒரு வருஷம்னா எதைப் பாத்து நீட்டிப்பாங்கன்னு கேட்டு மெயில்லயே வாங்கி வச்சுக்கோங்க. அந்த லேப்ல இப்ப இருக்குற போஸ்ட்டாக்கிட்ட ப்ரொஃபசர் இல்லாதப்ப தனியா பேசுங்க, பேப்பர்ல யார் பேர் முதல்ல வருது, போறப்ப சொந்த ப்ராஜெக்ட்டை எடுத்துட்டுப் போக விடுவாங்களா, இதுக்கு முன்னாடி இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு எல்லாம் அவங்கதான் சொல்லுவாங்க.