சூடு தாங்கினால் போதும் என்று நினைத்தேன்: பிரேக் கிரீஸில் நான் பட்ட பாடு

காரின் பிரேக் பேட் மாற்றிப் பத்து மாதம்கூட ஆகவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கும்போதெல்லாம் இடது முன்சக்கரத்துப் பக்கம் கருகல் வாடை. வலது ரிம்மைத் தொட முடிந்தது. இடது ரிம்முக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. கழற்றிப் பார்த்தால், உள்பக்க பேட் இரும்புத் தகடு வரைக்கும் தேய்ந்து கிடக்க, வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் மிச்சம்.

அந்த பேட்களை மாட்டியது நான்தான். யாரையும் திட்ட வழியில்லை.

பேட்களைப் பிடித்திருக்கும் கேலிப்பரில் இரண்டு ஸ்லைடு பின் (வழுக்கி நகர உதவும் கம்பி) உண்டு. பெரும்பாலான கார்களில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அது உள்பக்க பேடைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கோடு அழுத்தியதும், கேலிப்பர் இந்தப் பின்களின் மேல் நகர்ந்து வந்து வெளிப்பக்க பேடையும் இழுத்து அழுத்த வேண்டும். பின் இறுகினால் உள்பக்க பேட் தனியாளாக உழைத்துத் தேயும். என் வண்டியில் ஒரு பின் கையாலேயே வந்தது. இன்னொன்றை ஸ்பேனர் போட்டுத் திருகித்தான் உருவ முடிந்தது. அதன் நுனியில் இருந்த ரப்பர் ஸ்லீவ் ஊறி உப்பி, துளைக்குள் ஆப்பு மாதிரி மாட்டியிருந்தது.

காரணம் அலமாரியிலேயே இருந்தது: வீல் பேரிங் கிரீஸ் டப்பா. அதிக வெப்பம் தாங்கும் என்று மேலே போட்டிருந்தது. பிரேக் என்றால் சூடு, சூடு தாங்கினால் பிரேக்குக்கு ஆகும் என்பது என் கணக்கு. ரப்பரைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பிரேக் ரப்பர்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வகை. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் சேர்ந்தது, பெட்ரோலிய எண்ணெய் இல்லை. அதில் ஊறிக் கிடந்தாலும் இந்த ரப்பர் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் மட்டும் உப்பிவிடும். சாதாரண லித்தியம் கிரீஸில் தப்பு லித்தியத்தில் இல்லை, அதோடு கலந்திருக்கும் எண்ணெயில்.

சரி, எதை வாங்குவது? இங்கே நிறத்தை நம்பக் கூடாது. கறுப்பாக இருந்தால் மாலிப்டினம் (வழுக்கலுக்குச் சேர்க்கும் கறுப்புப் பொடி) கலந்தது, ஆகாது என்று ஒருவர் சொன்னார். ரப்பருக்கு ஆகிற சிந்தெடிக் எண்ணெயில் மாலிப்டினம் கலந்து ஸ்லைடு பின்னுக்கென்றே விற்பதும் உண்டு. டப்பாவில் நான் தேடியது ஒரே வரி: ஈபிடிஎம் ரப்பருக்குப் பாதுகாப்பானது. கடைசியில் சிலிக்கான் கிரீஸ் வாங்கினேன். காப்பர் பேஸ்ட்டை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பேடின் முதுகுப்புறம் தடவ அதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பின்னுக்கு அது வேண்டாம். ஆமணக்கெண்ணெயில் செய்த சிவப்பு ரப்பர் கிரீஸும் இருந்தது. அது பிஸ்டன் சீல், டஸ்ட் பூட் (தூசி புகாமல் காக்கும் ரப்பர் உறை) மாட்டுகிற வேலைக்கு.

ஊறிய ஸ்லீவைத் துடைத்து மறுபடி போடலாமா என்று ஆசைதான். உப்பிய ரப்பர் பழைய அளவுக்குத் திரும்புமென்று நம்ப முடியாது. ஸ்லீவ், பூட் எல்லாம் புதிது போட்டேன். துளைக்குள் பழைய கிரீஸ் துளி இல்லாமல் பிரேக் கிளீனரால் கழுவிக் காயவிட்டேன்.

அப்புறமும் ஒரு தப்பு. துளை நிறைய கிரீஸை அடைத்துவிட்டுப் பின்னைத் தள்ளினேன். காற்று வெளியேற வழியில்லாமல், உள்ளே போன பின் பம்ப் கைப்பிடி மாதிரி வெளியே வந்து நின்றது. எல்லாவற்றையும் வழித்தெடுத்து, பின்மேல் மெல்லிய பூச்சாகத் தடவிய பிறகு வழுக்கிக்கொண்டு போய்வந்தது. ஸ்லீவ் உள்ள பின் எந்தத் துளைக்கு என்பதைக் கழற்றும்போதே குறித்து வைத்திருந்ததால் பிழைத்தேன். மாற்றிப் போட்டால் மறுபடி இறுக்கம்தான்.

பேடின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் உட்காரும் இடத்தில் செராமிக் பேஸ்ட்டை லேசாகத் தொட்டு வைத்தேன். அங்கே உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. டிஸ்க்கிலும் பேடின் உரசும் முகத்திலும் விரல் கறைகூடப் படாமல் கையுறையை மாற்றிக்கொண்டேன். சக்கரத்தை மாட்டியதும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்தேன். பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்ததால் முதல் மிதி தரைவரை போனது.

இப்போது ஓட்டி வந்ததும் இரண்டு ரிம்மும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கின்றன. பேரிங் கிரீஸ் டப்பா இன்னும் முக்கால்வாசி மிச்சம். கேட் கீலுக்குப் போட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.