மருமகள்கள் கொண்டுவந்த ஒலி

"மீதிச் சில்லறை எங்கே?" என்று பின்னிருக்கை அம்மாள் குரல் கொடுத்தார். ஜோஹன்னஸ்பர்க் மினிபஸ் டாக்சியில் நடத்துநர் கிடையாது. காசு கைமாறி முன்னால் போகும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருபவர்தான் கணக்குப்பிள்ளை. நல்லவேளை, இன்று அது நானில்லை.

அம்மாள் பேசியது கோசா, ஓட்டுநர் பேசியது சூலு. இருவருமே தம் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. சண்டைக்கு ஒரு குறையுமில்லை!

சூலு, கோசா, சுவாசி, இண்டெபெலே நான்குமே ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுள்ள இங்குனி மொழிகள், தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழிகள்.

அம்மாளின் கோபத்தில் நாக்கு அண்ணத்தில் 'டொக்'கென்று சொடுக்கியது. அந்தச் சொடுக்கொலிகள் இந்த மண்ணின் தொல்குடிகளான கோய், சான் மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை.

அவை வேரூன்றியதில் மருமகள்களுக்கும் பங்குண்டு என்கிறார்கள் மொழியியலாளர் சிலர். மணமான பெண், மாமனார் பெயரில் வரும் அசைகளைப் பிற சொற்களில்கூட உச்சரிக்கக் கூடாது என்பது பழைய மரபு. 'ஹ்லோனிபா' என்பார்கள். அப்போது மாற்றுச் சொல் வேண்டுமே! அக்கம்பக்கத்துக் கோய், சான் மக்களின் சொடுக்கொலி கைகொடுத்திருக்கிறது.

பெண்களின் வாயைக் கட்டும் வழக்கத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டுக்குள் இருந்துகொண்டே மொழியின் ஓசையை மாற்றிய பெண்களைப் புகழாமலும் இருக்க முடியவில்லை.