25 ஆட்டத்தில் 22 தோல்வி: சிகாகோ போய் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியைப் பார்த்த கதை

முதலில் பஸ். இண்டியானாபொலிஸிலிருந்து காலை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருந்தேன், தாமதமாக வந்ததோடு வழி முழுக்க கழிவறை நாற்றம், இறங்கியதும் ஒரு டாக்சிக்காரர் மைதானத்துக்கு 40 டாலர் கேட்டார். 2024-ல் ரெட் லைன் நகர ரயிலுக்கு 2.50 டாலர்தான், அது சாக்ஸ்-35 நிலையத்தில், மைதானத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். தயவுசெய்து டாக்சி ஏறாதீர்கள்.

2024 சீசனில் முதல் 25 ஆட்டங்களில் 22 தோற்ற அணி இது. முக்கிய ஆட்டக்காரர்கள் லூயிஸ் ராபர்ட், மொன்காடா இருவரும் ஏப்ரல் தொடக்கத்திலேயே காயம். அதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் பந்துவீச்சாளர் காரெட் குரோஷே விஷயம்தான். 2022-ல் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை (கிழிந்த தசைநாரை மாற்றுவது), மீண்டு வந்து மேஜர் லீகில் முதல் பந்திலிருந்து வீச இறங்கிய முதல் ஆட்டமே சீசனின் தொடக்க ஆட்டம், 6 இன்னிங்ஸில் ஒரே ரன்தான் கொடுத்தார், 8 பேரை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார், அப்படியும் டெட்ராய்ட்டிடம் 0-1 தோல்வி, அந்தத் தோல்வியும் பந்துவீச்சாளரான அவர் கணக்கில்! ஒரு ரன் எடுத்துத் தர ஆளில்லை. கோபப்படுவதானால் இந்த அணியைக் கட்டியவர்கள் மேல் படுங்கள், ஆடுகிறவர்கள் மேல் வேண்டாம். எங்கள் ஊர் டிரிபிள்-ஏ (மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே உள்ள லீக்) மைதானத்தில் அடிக்கடி பார்க்கிறேன், 2023 ஒப்பந்தப்படி அங்கே குறைந்தபட்ச சம்பளம் அப்போது வருடத்துக்கு 35,800 டாலர், ஒரு படி மேலே போனால் 2024-ல் 7,40,000. அந்த ஒரு படிக்காக முப்பது வயது வரைக்கும் காத்திருக்கிறார்கள். மேலே வந்தாலும் ஃப்ரீ ஏஜென்ட் (விரும்பிய அணியோடு ஒப்பந்தம் போடக்கூடியவர்) ஆக மேஜர் லீகில் ஆறு வருட சர்வீஸ் வேண்டும், அதுவரை எவ்வளவு மோசமான அணியாக இருந்தாலும் தானாக விலகிப் போக முடியாது.

சரி, சாப்பாடு. எலோட்டே வாங்குங்கள், கப்பில் சூடான சோளம், வெண்ணெய், சீஸ், எலுமிச்சை, மிளகாய்த் தூள். பட்ஜெட் போட்டு வந்தவன் இரண்டாவது கப்பும் வாங்கினேன்!

நான் பார்த்தது ஏப்ரல் 27, டாம்பா பே ரேஸ் அணியுடன். 75 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில், இந்த கிளப் அதுவரை யாருக்கும் தராத தொகையில், வந்த பெனின்டெண்டி அந்த மாதம் முழுக்க சரியாக அடிக்கவே இல்லை, பின் வரிசையில் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் நீண்ட பத்தாவது இன்னிங்ஸில் அதே ஆள் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து 8-7 என்று முடித்தார், திட்டியவர்கள் என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள், எனக்குத் தொண்டை போய்விட்டது. டிக்கெட் விலையை ஏற்றாமல் இருந்தால் ஜூனில் மறுபடி போவேன், ஆனால் அந்த பஸ்ஸில் இல்லை.