மத்தேயுவா, யோவானா?

யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்போம். நான்கு வேதங்களும் நம்முடையவை என்று நம்பிய சைவக்காரியான என் அப்பாச்சியும் அப்படித்தான் சொல்வார். அதிலுள்ள வேடிக்கை அவருக்கு ஒருநாளும் தட்டுப்பட்டதில்லை. அந்த வேதக்காரரின் பள்ளிக்கூட விடுதிக்குத் திருநீறு பூசிய நெற்றியோடு போன நான், முதல் தவணை முடிவதற்குள் வேதாகமத்தை வைத்தே ஆட்களைக் கேலி செய்யப் பழகிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் ஆசிரியர்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். அதற்கு என்னைவிட நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது நாங்கள் பேசித் திரிந்த பாஷையைப் பற்றி.

திங்கட்கிழமை இரவுகளில் ஒரு கறி வரும். பூசணியா, பப்பாசிக்காயா, ஞாயிற்றுக்கிழமைப் பருப்பின் மறுபிறவியா என்று யாராலும் சொல்ல முடியாது. கரண்டியால் அள்ளினால் விழாது; தட்டில் விழுந்தால் அசையாது. அதற்கு எங்களுக்கு முந்தியவர்கள் வைத்த பெயர் 'மன்னா'; வேதாகமத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவின் பெயர். வானத்திலிருந்து விழுந்தது போலிருப்பதால் வைத்த பெயர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஒருநாள் வேதபாட ஆசிரியரின் காதில் அது விழுந்துவிட்டது. அடி நிச்சயம் என்று கையைத் தேய்த்துக்கொண்டு நின்றோம். அவரோ யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை விரித்தார். வனாந்தரத்தில் தரையில் கிடந்த அந்தச் சிறிய வெள்ளைப் பொருளைக் கண்ட இஸ்ரவேலர், அது இன்னதென்று தெரியாமல் எபிரேய மொழியில் 'மான் ஹூ' என்று ஒருவரையொருவர் கேட்டார்களாம். 'இது என்ன?' என்பதுதான் அதன் பொருள். அந்தக் கேள்வியே பெயராகிவிட்டது. மறுநாளைக்கென்று எடுத்து வைத்த மன்னா புழுத்து நாறியது என்ற வசனத்தை அவர் வாசித்தபோது, வகுப்பு முழுவதும் குசினிப் பக்கம், அதாவது சமையலறைப் பக்கம், திரும்பிப் பார்த்தது. எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து இஸ்ரவேலர் அழுததையும் அவர் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சனங்கள் மேல் ஒரு பாசம்.

'சகேயு' என்ற பெயர் வந்த கதை இதைவிடச் சிறியது. எங்களில் கட்டையானவன் ஒருவன் விடுதி மாமரத்தில் ஏறியிருந்தபோது விடுதி மாஸ்டர் கீழே வந்து நின்றார். "சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா" என்றார். லூக்காவின் சுவிசேஷத்தில், தம்மைக் காண மரமேறியிருந்த குள்ளன் சகேயுவிடம் இயேசு, இன்றைக்கு உன் வீட்டிலே தங்கவேண்டும் என்பார். மாஸ்டர், "இன்றைக்கு உன் வீட்டுக்குக் கடிதம் போகும்" என்றார். போயும் விட்டது. அந்தக் கட்டையன் ஆறடிக்கு வளர்ந்த பின்பும் பெயர் மட்டும் வளராமல் அப்படியே நின்றது.

ஆனால் எங்கள் பாஷையின் உச்சம் போளை (கோலிக்குண்டு) விளையாட்டில்தான். கடன் வாங்கிய போளையைத் திருப்பித் தருவேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அம்மாவின் பெயரால் ஆணையிட்டால் அம்மாவுக்கு ஆபத்து. பிள்ளையாரின் பெயரால் என்றால் வேதக்காரப் பையன்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனவே எல்லோருக்கும் பொதுவாக 'மெய்யாகவே' வந்தது. மத்தேயுவின் சுவிசேஷத்தில் இயேசு 'மெய்யாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன்' என்று ஒரு தரம் சொல்வார். யோவானின் சுவிசேஷத்தில் மட்டும்தான் 'மெய்யாகவே மெய்யாகவே' என்று இரண்டு தரம், அதுவும் 25 இடங்களில். இதை வைத்து யாரோ ஒரு வக்கீல் மூளைக்காரன் சட்டம் வகுத்திருந்தான்: ஒரு தரம் சொன்னால் பொய்த்தாலும் பாவமில்லை, இரண்டு தரம் சொன்னால் மீறக்கூடாது. சத்தியம் வாங்குகிறவன் கேட்பான்: "மத்தேயுவா, யோவானா?"

மூல நூலில் அந்த 'மெய்யாகவே' இருக்கும் இடத்தில் நிற்பது 'ஆமென்' என்ற சொல்தான் என்று பல வருடங்களுக்குப் பிறகு அறிந்தேன். உறுதியானது, நம்பத்தக்கது என்ற பொருளுள்ள எபிரேய வேரிலிருந்து பிறந்தது அது. காலை ஜெபத்தின் முடிவில் பசியோடு நாங்கள் கத்திய ஆமெனும், மாலையில் புழுதியில் குந்தியிருந்து செய்த சத்தியமும் ஒன்றேதான்.

போளையும் லேசுப்பட்டதல்ல. பந்தைக் குறிக்கும் 'போலா' என்ற போர்த்துக்கீசச் சொல் அது. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் கோட்டையை இழந்து போனார்கள். கதிரை, சப்பாத்து, பாண், குசினி எல்லாவற்றையும் எங்கள் வாயில் விட்டுவிட்டுப் போனார்கள். ஆக, போளை போர்த்துக்கீசம், சத்தியம் எபிரேயம், ஏமாந்தவன் மட்டும் சுத்தத் தமிழன்.

ஏமாந்தவன் நான்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் மூன்று கண்ணாடிப் போளைகளை வாங்கிய நண்பன், மணி அடிக்கும் அவசரத்தில் "மெய்யாகவே" என்று சொல்லிவிட்டு ஓடினான். எத்தனை தரம் சொன்னான் என்று நான் எண்ணவில்லை. ஒரு தரம்தான் என்று இன்றுவரை அவன் சாதிக்கிறான். இப்போது மெல்பேர்னில் இருக்கிறான், பேரப்பிள்ளைகளும் உண்டு. சங்கம் அவனுக்கும் இந்த மலரை அனுப்பும். மூன்றில் ஒன்று நீல வரி போட்டது.