வென்ஃப்ளான் போட ஒரு கையெழுத்து

வென்ஃப்ளான் என்பது மருந்தும் சலைனும் ஏற்ற ரத்தக்குழாயில் போடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அதைப் போட்டேன் என்று லாக்புக்கில், அதாவது நாங்கள் செய்த செய்முறைகளைப் பதிவு செய்யும் நோட்டில், ஒரே ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜூனியர்கள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் உஷாராக இருந்துகொள்ளுங்கள்.

கொங்குப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி, பேர் வேண்டாம். 2019 பேட்சிலிருந்து வந்த பாடத்திட்டத்தில் செய்முறைகளைப் பார்த்து, கூட நின்று உதவி, அப்புறம் நாமே செய்து காட்ட வேண்டும் என்பது தெரிந்ததுதான். எங்கள் கல்லூரியில் அந்தப் ‘பார்ப்பதை’ மொத்தமாக வீடியோவுக்குத் தள்ளிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் லிங்க் வரும். பார்த்துவிட்டு, பொம்மைகளில் செய்து பார்க்கும் ஸ்கில் லேபில் தானாகப் பழகிக்கொள்ள வேண்டும். பழகியதும் யாராவது பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வம்பு வீடியோவிலேயே ஆரம்பித்தது. வந்தது இங்கிலாந்து வீடியோ. வெளிச்சம், பேச்சு எதிலும் குறை இல்லை. ஆனால் அங்கே தோலைத் துடைக்கக் குளோர்ஹெக்சிடின், எங்கள் வார்டில் ஸ்பிரிட் பஞ்சு. கையை இறுக்கிக் கட்ட அங்கே கிளிப் வைத்த டூர்னிக்கே பட்டை, இங்கே ஒரு கிளவுஸை எடுத்துக் கையில் கட்டிவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. எடுத்த ஊசியை அவர்கள் மஞ்சள் டப்பாவில் போடுகிறார்கள். நம் நாட்டில் 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ஊசியும் பிளேடும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுக்குத்தான் போக வேண்டும். மஞ்சள் பை ரத்தம் பட்ட பஞ்சுக்கு. என் ரூம்மேட் வீடியோவில் பார்த்தபடியே ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வில் மஞ்சளில் போட்டு, அந்த மார்க்கை இழந்தாள். லிங்க் அனுப்பியது யார் என்று அந்த இடத்தில் கேட்க முடியுமா?

இன்னொரு தொல்லை, கேமரா எதிரே நிற்கிறது. அவர் இடது கை நமக்கு வலப்பக்கம் தெரியும். அப்படியே பார்த்துப் பழகினால் தோலை இழுத்துப் பிடிக்கிற கையும் ஊசி பிடிக்கிற கையும் குழம்பிப் போகும். தோளுக்குப் பின்னால் இருந்து எடுத்த வீடியோவாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் லேபில் பொம்மைக் கையை வைத்து நீங்களே போனில் எடுங்கள். நோயாளியை மட்டும் எடுக்கவே வேண்டாம்.

சரி, லேபுக்குப் போகலாம் என்றால் சாவி இல்லை. சனிக்கிழமை திறந்திருக்கும் என்று குரூப்பில் போட்டதை நம்பி, வீட்டுக்குப் போயிருந்தவள் கோபியிலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கதவில் பூட்டு. அட்டெண்டர் அண்ணன் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “ஆய்வுக்கு வர்றாங்கன்னு பொம்மையெல்லாம் தொடச்சு வெச்சிருக்குதுங்க அம்மிணி. இப்ப யாரும் தொடக்கூடாதுன்னு ஆர்டருங்க.” பழகுவதற்கு வாங்கிய பொம்மை, பழகினால் அழுக்காகிவிடுமாம்! அடுத்த வாரம் லெட்டரோடு போனேன். துறைத்தலைவர் கையெழுத்து இருக்கிறது, சீல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஒருவழியாகத் திறந்த பிறகு பார்த்தால், அந்த ரப்பர் கையில் எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் குத்திய ஓட்டைகள் வரிசையாக இருந்தன. ஊசி தானே வழி தெரிந்து போகிறது. சிவப்புத் தண்ணீர் உடனே ஏறுகிறது. நாமும் பழகிவிட்டோம் என்று நினைப்போம். அலமாரியில் மாற்று ரப்பர் தோல் இருக்கும், கேட்டு மாட்டச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காமல் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள்.

உண்மையில் எனக்குக் கற்றுக்கொடுத்தது வார்டு சிஸ்டர்தான். ஒரு நோயாளிக்குப் பேசாமல் போட்டுக் காட்டினார். அடுத்தவருக்கு ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே போட்டார். மூன்றாவதற்கு என்னைச் சொல்ல வைத்து, நான் சொன்னபடி அவர் செய்தார். அதன்பிறகே ஊசி என் கைக்கு வந்தது. மருத்துவக் கல்வியில் இதற்குப் பெய்ட்டனின் நான்கு படி முறை என்று பேர் இருக்கிறது. சிஸ்டர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

எல்லாம் நல்லபடியாக நடந்த வீடியோவைத்தான் போடுகிறார்கள், ரத்தம் வராவிட்டால் என்ன செய்வது என்று காட்டுவதில்லை. அதைச் சிஸ்டர் சொன்னார்: கொஞ்சம் பின்னால் இழுத்துத் திசை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் பிளாஸ்டிக் குழாய்க்குள்ளிருந்து ஊசியை உருவிய பிறகு மறுபடி உள்ளே நுழைக்கவே கூடாது. குழாய் வெட்டுப்பட்டு, துண்டு ரத்தத்தோடு போய்விடும். ரத்தம் தெரிந்ததும் சாய்வைக் குறைத்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிவிட்டு, அப்புறம்தான் குழாயை மட்டும் நகர்த்த வேண்டும். வயதானவர்களுக்கு டூர்னிக்கேவை இறுக்கிக் கட்டாதீர்கள், வெயின் (ரத்தக்குழாய்) உடைந்து வீங்கிவிடும். ஸ்பிரிட் காயும்வரை பொறுங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும்.

என் முதல் நோயாளி சென்னிமலைப் பக்கம் தறி நெய்கிற ஒரு அம்மா. “படிக்கிற புள்ளைங்க, நான் பக்கத்துலயே நிக்கறேன், போடலாங்களா?” என்று சிஸ்டர் கேட்டுச் சம்மதம் வாங்கினார். “குத்து கண்ணு, ஆனா ஒரே குத்தா குத்திப்போடு” என்றார் அந்த அம்மா. பிங்க் கலர், 20 கேஜ் அளவு வென்ஃப்ளான். முன்கையில் நேராக ஓடிய வெயினில் ஒரே குத்தில் இறங்கியது. சலைன் தடையில்லாமல் போனது. சிரித்தால் அழகாக இருக்காது என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

கையெழுத்துக்கு வருவோம். சிஸ்டர் கையெழுத்து செல்லாதாம், டாக்டர்தான் போட வேண்டுமாம். டியூட்டியில் இருந்து பார்த்த, மேற்படிப்பு படிக்கும் பிஜி டாக்டர் அண்ணா அடுத்த நாளே வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார். தேடிப் பிடித்து வாங்கிக்கொண்டு போனால், தேதி உங்கள் வார்டு போஸ்டிங் முடிந்த பிறகு இருக்கிறதே என்றார் கிளார்க். செய்த தேதி, கையெழுத்திட்ட தேதி இரண்டையும் தனித்தனியாக எழுதி அதன் மேல் இன்னொரு சின்னக் கையெழுத்து வாங்கியபிறகுதான் ஏற்றார். லாக்புக்கைக் கோட் பாக்கெட்டிலேயே வைத்திருங்கள். கிளவுஸைக் கழற்றிக் கை கழுவியதும் அதே இடத்தில் நீட்டிவிடுங்கள்.

எனக்கு அடுத்தது யூரின் கதீட்டர். லிங்க் வந்துவிட்டது, இன்னும் திறக்கவில்லை. லேப் சாவிக்கு லெட்டர் கொடுத்துவிட்டேன், சீலோடு.