தேறாத குட்டியும் முதல் நாள் சீம்பாலும்

ஆனேக்கல் பக்கம் என் மாமா வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். பெரிய பண்ணை இல்லை, ஒன்பது தாய்ப்பன்றிகள்தான். நான் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் சந்தாபுரா வழியாக பஸ் பிடித்துப் பண்ணைக்குப் போய்விடுவேன். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளோடே வேலை என்பதால், அங்கே போனாலும் ஈத்தில் எது சின்னது என்றுதான் கண் தேடும்.

போன டிசம்பரில் ஒரு ராத்திரி. பெங்களூர் டிசம்பர் தெரியும் அல்லவா, விடியற்காலையில் 15 டிகிரிக்கு இறங்கிவிடும், ஆனேக்கல் பக்கம் வெட்டவெளி என்பதால் இன்னும் சில்லென்று இருக்கும். தாய் பதின்மூன்று குட்டி போட்டது. பன்னிரண்டாவதாக வந்ததைத் துடைத்து, மருந்து நிறுக்கும் தராசில் வைத்தேன். 720 கிராம். மற்றவை எல்லாம் 1.2 கிலோவுக்கு மேல். நெற்றி மேடாகப் புடைத்து, கண் துருத்திக்கொண்டு, வாயைச் சுற்றி சுருக்கம் விழுந்து, பிறந்தபோதே கிழடு தட்டியதுபோல் இருந்தது. மாமா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "விடு பாப்பா, அது தேறாது" என்றார். முப்பது வருஷமாகப் பன்றி வளர்க்கிறவர் சொன்னால் அதில் உண்மை இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்த குட்டிகள் செத்துப்போவதை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார்.

அந்த மேட்டு நெற்றிக்குக் காரணம் இருக்கிறது. கர்ப்பப்பையில் இடமும் ரத்தமும் போதாமல் போகும்போது, வருகிற கொஞ்ச ரத்தத்தை உடம்பு முதலில் மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பிவிடும். குடலுக்கும் தசைக்கும் மிச்சம்தான். அதனால் தலை வளர்ந்துவிடும், வயிறு பின்தங்கிவிடும். குடலின் சுவர் மெல்லியதாக இருக்கும், உள்ளே சத்தை உறிஞ்சுகிற குடலுறிஞ்சிகள் குட்டையாக இருக்கும், அதனால் உறிஞ்சும் பரப்பே குறைவு. சின்னக் குட்டியின் பிரச்சினை எடைதான் என்று நாம் நினைக்கிறோம். எடை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். உள்ளே குடல் முழுசாகத் தயாராகவில்லை என்பதுதான் விஷயம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு குட்டியின் உயிர் போக வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இதேபோல் ஒன்று, உடம்பு ஜில்லிட்டுக் கிடந்தது. பசிதான் என்று நினைத்து, பசும்பாலை வெதுவெதுப்பாக்கி சிரிஞ்சில் 20 மில்லி ஊற்றிவிட்டேன். விடிவதற்குள் வயிறு உப்பிச் செத்துப்போனது. குளிர்ந்த உடம்பில் குடல் அசையாது, ஊற்றின பால் அங்கேயே தேங்கும். மருத்துவமனையில் குழந்தையைச் சூடு பண்ணாமல் பால் கொடுக்க மாட்டேன், பண்ணையில் சூடு பண்ணாமலே கொடுத்துவிட்டேன். அந்தக் குட்டியை இன்றும் மறக்கவில்லை.

அதனால் இந்த முறை முதலில் சூடு. பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு கிடையாது, மனிதக் குழந்தைக்கு உண்டு. ஈரத்தோடு விழுகிறது, முடியும் அதிகம் இல்லை, முதல் அரை மணியிலேயே உடம்புச் சூடு இரண்டு டிகிரி இறங்கிவிடும். குட்டிக்கு 32 முதல் 35 டிகிரி வேண்டும், தாய்க்கோ 20 டிகிரி சுற்றி இருந்தால்தான் சுகம். கொட்டகை முழுக்கச் சூடாக்கினால் தாய் தீனி எடுக்காது, மூச்சு வாங்கும். ஒரு மூலையில் பெட்டி வைத்து, கோணிச்சாக்கு போட்டு, பல்பைக் கட்டிவிடுவதுதான் வழி. எங்களிடம் பெட்டி இருந்தது, பல்பு ஃபியூஸ். குட்டியைத் துண்டில் சுற்றி என் ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வார்டில் அம்மாக்களுக்குச் சொல்லித்தருகிற கங்காரு முறையேதான். இருபது நிமிஷத்தில் கால் அசைந்தது, அப்புறம் மூக்கால் முட்டித் தேட ஆரம்பித்தது. தேட ஆரம்பித்தால் குடலும் விழித்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சீம்பால். இங்கேதான் பன்றிக்கும் மனிதருக்கும் பெரிய வித்தியாசம். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகவே போய்ச் சேர்ந்துவிடும். பன்றியின் நஞ்சுக்கொடி அதை விடாது. தாயின் ரத்தத்துக்கும் குட்டியின் ரத்தத்துக்கும் நடுவே ஆறு அடுக்கு. எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் குட்டி விழுகிறது, எல்லாமே சீம்பாலில்தான் வர வேண்டும். அதற்கும் நேரக்கெடு உண்டு. பிறந்த புதிதில் குடல் பெரிய புரதங்களைச் செரிக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடும், 24 முதல் 36 மணி நேரத்தில் அந்த வழி மூடிவிடும். மூடின பிறகு எவ்வளவு சீம்பால் ஊற்றினாலும் எதிர்ப்புச் சக்தி உள்ளே போகாது. ஒரு குட்டி பிழைக்க முதல் நாளில் சுமார் 200 கிராமாவது குடிக்க வேண்டும். குடலே வளர்வதும் சீம்பால் பட்ட பிறகுதான், அதிலிருக்கும் வளர்ச்சிப் பொருள்கள்தான் குடலுறிஞ்சிகளை எழுப்பிவிடுகின்றன.

சரி, சின்னது மற்ற பன்னிரண்டோடு முட்டிமோதி எப்படிக் குடிக்கும்? முதலில் பிறந்து வயிறு நிறைந்த பெரிய குட்டிகள் ஆறேழைப் பொறுக்கி, அடையாளத்துக்கு முதுகில் ஜென்ஷன் வயலட் என்ற ஊதா மருந்தால் ஒரு கோடு போட்டு, ஒரு மணி நேரம் கூடையில் வைத்துவிட்டோம். சின்னவற்றுக்கு முன்காம்புகளை விட்டுக்கொடுத்தோம், முன்காம்பில்தான் பால் அதிகம். குட்டி போடும் நேரத்தில் சீம்பால் சுரந்துகொண்டே இருக்கும், பீய்ச்சினாலே வரும். அப்புறம் முக்கால் மணிக்கு ஒரு தரம், அதுவும் பத்து இருபது விநாடிதான் பால் இறங்கும், அதற்குள் காம்பைப் பிடிக்காத குட்டி அடுத்த முறைவரை பட்டினி. நம்ம குட்டிக்குச் சப்பவே பலம் இல்லை. மாமா சலித்துக்கொண்டேதான், ஆனால் கையால் சீம்பால் பீய்ச்சிக் கொடுத்தார். பாலூட்டும் குழாயைப் போட்டு 15 மில்லி விட்டேன். விடியும்வரை நாலு தரம். மறுநாள் ராத்திரி நிறுத்தபோது 785 கிராம். முதல் நாளில் எடை கூடியிருந்தால் சீம்பால் உள்ளே போயிருக்கிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், தராசு போதும்.

மூன்றாம் நாள் 200 மில்லிகிராம் இரும்புச்சத்து ஊசி, அது எல்லாக் குட்டிக்கும். பாலில் ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் இரும்பு கிடைக்கும், தேவை ஏழு.

பிழைத்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது, பலர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். பின்தங்கிய குடல் ஒரு வாரத்தில் சரியாகிவிடாது. பாலைச் செரிக்கும் நொதி அதனிடம் இருக்கிறது, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி மெதுவாகத்தான் வரும். தாயிடமிருந்து பிரித்துத் திடீரென்று தீனிக்கு மாற்றினால் செரிக்காத தீனி பெருங்குடலுக்குப் போகும், ஈ.கோலி கிருமிக்கு அது விருந்து, இரண்டு மூன்று நாளில் தண்ணியாகக் கழிச்சல். உடனே மருந்துக்கடைக்கு ஓடுவதுதான் நம் ஊர் வழக்கம். கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை 2019லேயே இந்தியா தடை செய்துவிட்டது, கழிச்சலைத் தடுக்கப் பிரிக்கும்போது தீனியில் அதிக அளவு ஜிங்க் ஆக்சைடு கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்திவிட்டது. எனக்கு இது சரியென்றே படுகிறது. கிருமிக்கு மருந்து வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் குழந்தைகள் வார்டில் தினமும் பயந்து பயந்து பார்க்கிறேன், பண்ணையும் வார்டும் தனித்தனி உலகம் இல்லை.

மாமா குட்டிகளை 42 நாளில் பிரிப்பார். அன்று கூடப்பிறந்தவை பத்து கிலோவைத் தொட்டிருந்தன, இது 6.4. எடை வித்தியாசம் தசையிலும் இருக்கிறது, தசை நார்களின் எண்ணிக்கை பிறக்கும்போதே முடிவாகிவிடும், அதனால் இது அவற்றை எட்டிப் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. இதையும் இன்னொரு நோஞ்சானையும் இன்னும் இரண்டு வாரம் தாயோடு விடச் சொன்னேன். பத்தாம் நாளிலிருந்தே கைப்பிடி குட்டித்தீனியை ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவையாக, மிச்சத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துப் பழக்கியிருந்தோம். ஓட்டல் மிச்சம் பக்கமே விடவில்லை. பெங்களூர் ஓட்டல் சாப்பாட்டில் இருக்கும் உப்பும் எண்ணெயும் பெரிய பன்றி தாங்கும், இந்தக் குடல் தாங்காது. இரண்டுக்கும் கழிச்சல் வரவில்லை.

நேற்று மாமா போன் பண்ணினார். அடுத்த தாய் சினை பிடித்து 110 நாள் ஆகிவிட்டது, இன்னும் நாலு நாள் என்றார். நான் கேட்பதற்கு முன்பே, "பல்பு ரெண்டு வாங்கி மாட்டிட்டேன் பாப்பா" என்றார்.